சுவரில் விழுந்த அந்நியபாஷை

இந்த வருடம் ஊழியத்துக்கு வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வழக்கமாக இப்படியானவற்றை ஓய்வுபெற்ற போதகர்கள்தான் எழுதுவார்கள். அங்கி போட்டு ஆறு வருடமே ஆன என்னிடம் கேட்டதற்கு ஒரே காரணம், எங்கள் பகுதிச் சபைகளில் கணினியை முதலில் லினக்ஸுக்கு மாற்றியவள் நான் என்பதுதான். எப்படி மாற்றினாய் என்று எழுது என்றார்கள். அது பெரிய வித்தையல்ல. ஒரு மத்தியானம் போதும். இணையத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள், நீங்கள் என்னைவிடக் கெதியாகச் செய்துவிடுவீர்கள். நான் எழுத நினைப்பது, மாற்றி நான்காவது ஞாயிற்றுக்கிழமை நடந்ததை. அதற்கு எங்கேயும் விளக்கப்படம் இல்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழை அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் புத்தூர்ப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். படிவம் வந்தால் பெருவிரல் வைப்பார்கள். அந்தப் படிவங்களைப் பத்து வயதிலிருந்து நிரப்பியவள் நான். ஒரு சொல் பிழைத்தால் நிவாரணம் தவறும், ஒரு திகதி பிழைத்தால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வராது. எழுதி வைத்தால்தான் ஒரு விடயம் நடந்ததாக ஆகும் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. போதகரான பிறகும் அப்படித்தான். எந்த வீட்டுக்குப் போனாலும், யார் என்ன சொல்லி அழுதாலும், குருமனைக்குத் திரும்பியதும் கணினியில் தட்டச்சுச் செய்துவிடுவேன். பெயர், திகதி, என்ன பிரச்சினை, எதற்காக ஜெபிக்க வேண்டும். எனக்கு முன்னிருந்த ஐயாமார் எவரும் இப்படி ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

சபை அச்சுவேலிக்குக் கிட்ட. ஞாயிறுகளில் எழுபது எண்பது பேர் வருவார்கள். பாட்டுகளைப் புறொஜெக்டரில் பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் காட்டுவோம். திரை இல்லை, சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்தான். நான் போனபோது சபையின் மடிக்கணினியில் இருந்தது கள்ளக் கொப்பி மென்பொருள். எந்தக் கடையில் யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் திருவிருந்துப் பாட்டின் அடியில், இது அசல் பிரதி அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. நான் அங்கியோடு நிற்கிறேன், சுவர் என்னைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த வாரமே, காசு கொடுக்காமல் நேர்வழியில் எடுக்கக்கூடிய லினக்ஸுக்கு மாற்றினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவும் இல்லை.

ஒன்றை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் வருடக்கணக்காக எல்லோரும் தமிழைத் தட்டச்சுச் செய்தது பாமினி என்ற எழுத்துருவில். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பரீட்சைத் தாள், ஞானப்பாட்டு எல்லாம் அதில்தான். நானும் அதில்தான் பழகினேன். அதில் கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். நான் மாற்றிய கணினியில், எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட் மட்டும்தான் என்று வைராக்கியமாக இருந்தேன். பாமினியைப் போடவில்லை.

மாற்றிய முதல் ஞாயிறே பாடற்குழுவினர் கொண்டுவந்த பாட்டைத் திறந்தேன். சுவர் முழுக்க ஆங்கிலக் குப்பை. பின்வரிசை வாங்கிலிலிருந்து ஒருவர் சொன்னார்:

“பாஸ்டற்றை கொம்பியூட்டருக்கு அபிஷேகம் இறங்கீட்டுது. அந்நியபாஷை பேசுது.”

சபை சிரித்து ஓய நேரம் எடுத்தது. ஆவியில் நிறைந்து விளங்காத மொழியில் பேசுவதைத்தான் அந்நியபாஷை என்போம். எங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லை, அடுத்த தெருச் சபையில் உண்டு. ஆகவே பகிடி இரட்டிப்பாக எடுபட்டது.

அந்தப் பாட்டைத் தட்டச்சுச் செய்தவர் சிரிக்கவில்லை. அவரை எல்லோரும் அச்சக அண்ணை என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் இருபது வருடமாகக் கணினியில் எழுத்துக் கோர்க்கிறவர். சபையின் பாட்டுகள் முழுவதையும் பத்து வருடமாகச் சும்மா இருந்த நேரங்களில் அடித்துச் சேர்த்தவர். ஆராதனை முடிய வந்து, அந்த எழுத்துருவை ஒரு பக்கத்தில் போட்டுவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே என்று நல்லபடியாகத்தான் கேட்டார். நான் அது பழைய முறை, பாட்டுகளை ஒவ்வொன்றாக நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

“பத்து வருசத்து வேலை பாஸ்டர்,” என்றார். “உந்த ஓசிச் சாமான் அதைத் தின்னப் போகுது.”

போட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நான் போடாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, அவர் சொன்னபடி செய்ததாக ஆகிவிடக்கூடாது என்பதுதான்.

இனி நான்காவது ஞாயிறு.

எங்கள் சபையில் பிறந்தநாள் வந்தவர்கள் முன்னுக்கு வந்து ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, தங்களுக்கு விருப்பமான ஒரு பாட்டைக் கேட்கலாம். அன்று ஒருவர் கேட்ட பாட்டு என் பட்டியலில் இல்லை. அதற்குச் சற்று முன்தான் மின்சாரம் போய் வந்திருந்தது. மின்சாரம் போவதற்கு முன் சுவரில் ஒன்றும் என் கணினித் திரையில் வேறொன்றும் தெரியும்படி வைத்திருந்தேன். புறொஜெக்டர் திரும்ப எழும்பியபோது அந்த ஒழுங்கு கலைந்து, என் திரையில் இருப்பது அப்படியே சுவரிலும் விழத் தொடங்கியிருந்தது. நான் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டைத் தேடுகிற அவசரத்தில் பட்டியலில் ஒரு வரி மேலே அழுத்திவிட்டேன். திறந்தது என் பழைய ஜெபக்குறிப்புக் கோப்பு. கணினியை மாற்றிய பிறகு வந்தவற்றை வேறு கோப்பில் யூனிகோடில் எழுதிவந்தேன்.

கடைசியாக எழுதியதை மேலே வைப்பது என் வழக்கம். மேலே இருந்தது, கணினியை மாற்றுவதற்கு முந்தின வாரம் ஒரு அக்கா வந்து சொன்னது. அவரை இங்கே அக்கா என்று மட்டும் சொல்கிறேன். கணவர் இல்லை, ஒரே மகள். குத்தகைக் காணியில் தோட்டம் செய்து மகளை வளர்த்தவர். மார்பில் ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரியில் பரிசோதனைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். ஆனால் மகளுக்கு இணுவிலில் ஒரு இடத்தில் கல்யாணம் பேசி முக்கால்வாசி ஒப்பேறியிருந்தது. தாய்க்குப் புற்றுநோய் வருத்தம் என்றால் மகளுக்கும் வரும் என்று அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். பதிவுத் திருமணம் முடியும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போட யோசிக்கிறார், ஒருவருக்கும் தெரியக்கூடாது. இவ்வளவையும், அவருடைய முழுப் பெயரையும், நான் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். அது சுவரில் பின்வரிசை வரைக்கும் தெரிகிற பெரிய எழுத்துகளில் நின்றது.

பாமினியில்.

நான் முதலில் கேட்டது சிரிப்பை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஆங்கிலக் குப்பைக்கு நடுவில் இலக்கங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. இலக்கங்கள் அந்த எழுத்துருவில் மாறுவதில்லை. அது ஆஸ்பத்திரித் திகதி. அதைக் கண்டுதான் எது திறந்திருக்கிறது என்று எனக்கே விளங்கியது.

“இண்டைக்கும் அந்நியபாஷைதான்,” என்றது பின்வாங்கில். “ஆர் வியாக்கியானம் சொல்லுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் மகளுக்குப் பக்கத்தில் இருந்து அக்காவும் சிரித்தார். தான் சிரிப்பது தன்னுடைய வருத்தத்தைப் பார்த்துத்தான் என்று தெரியாமல்.

கையால் வெளிச்சத்தை மறைக்கத்தான் முதலில் தோன்றியது. மறைத்திருந்தால் மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று எழுபது பேருக்கும் சொன்னதாகியிருக்கும். ஆகவே நானும் சிரித்தேன். புறொஜெக்டரை அணைத்துவிட்டு, இன்றைக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோம் என்றேன். அப்போதுதான் முன்வாங்கிலில் அச்சக அண்ணையைக் கண்டேன். அவர் வாசிக்கும்போது உதடு அசையும். வெறும் சுவரைப் பார்த்தபடி இருந்தார், உதடு அப்போதுதான் ஓய்ந்தது. இருபது வருடம் அந்த விசைகளைத் தட்டியவருக்கு எம், கே, அரைப்புள்ளி என்பதெல்லாம் குப்பை அல்ல. நேரே தமிழ்.

இன்னொன்றும் அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது. இணுவில் மாப்பிள்ளையின் தாய், அச்சக அண்ணையின் கூடப்பிறந்த தமக்கை. சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அண்ணைதான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நான் பாட்டின் இலக்கத்தைச் சொல்வதற்கு முன்பே எழுந்து, அந்தப் பிறந்தநாள் பாட்டைத் தன் பெருங்குரலில் தொடங்கிவிட்டார். சபை பின்னால் போனது.

பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் புறப்பட்டேன். கெஞ்சிக் கேட்கலாம், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று. பாதி வழியில், சந்தியில், நின்றுவிட்டேன். அவர் முழுவதையும் வாசித்தாரா, பெயரை மட்டும் வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் போய் வாயைத் திறந்தால் அரையும் குறையுமாக இருப்பது முழுதாகிவிடும். அதைவிடப் பெரிய பிழை, அக்காவின் விடயத்தை அக்காவுக்குத் தெரியாமல் இன்னொருவரோடு பேசி முடிக்கப் போகிறேன். சுவரில் நடந்தது கைப்பிழை. இதைச் செய்தால் தெரிந்தே செய்ததாகும். ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

இன்னொரு வழியும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் விடுவது. எழுபது பேரில் அறுபத்தொன்பது பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை பேசாமலே இருந்துவிடலாம். அப்படியானால் அக்காவுக்கு என் பிழை கடைசிவரை தெரிய வராது. உங்களுக்கும் இந்த இடம் வரும், கணினியால் வராவிட்டால் வேறு எதனாலாவது. நான் பெருமையாகச் சொல்லவில்லை, அக்கா வீட்டு வாசல் படலை வரைக்கும் அந்த எண்ணம் என்னோடு வந்தது.

மகள் வீட்டுக்குள் தைத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக் கன்றுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அக்காவைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போனேன். நடந்ததைச் சொன்னேன். காலையில் சுவரில் நின்றது உங்களுடைய விடயம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“நீங்கள் உதை எழுதியோ வச்சிருந்தனீங்கள்?”

“ஓம் அக்கா. ஜெபத்தில மறக்கக்கூடாதெண்டு.”

குனிந்து ஒரு கன்றின் அடியில் கிடந்த களையைப் பிடுங்கினார்.

“நான் உங்களுக்குத்தான் சொன்னனான் பாஸ்டர். கொம்பியூட்டருக்குச் சொல்லேல்லை.”



பிறகு யார் வாசித்தது என்று கேட்டார். அண்ணையின் பெயரைச் சொன்னேன். அவர் எப்படி வாசித்திருப்பார் என்பதையும் விளங்கப்படுத்தினேன். அக்கா கிணற்றுக் கட்டில் இருந்தார். மகள் தையல் இயந்திரத்தை ஓட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது ஒருதரம் நின்று திரும்பத் தொடங்கியதும் எழுந்தார்.

“அப்ப, ஆரின்ரையாவது வாயால போகமுன்னம் நானே போய்ச் சொல்லிப்போடுறன்.”

நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். நீங்கள் வந்தா உங்களாலதான் வெளியில வந்ததெண்டு விளங்கிப்போடும். எனக்கு ஒரு பாஸ்டர் வேணும், சபைக்கும் வேணும்.”

என்னைக் காப்பாற்றுவதையும் அவரே யோசித்தார்.

அன்றிரவு மகளுக்குச் சொன்னார். மறுநாள் பஸ் எடுத்து இணுவிலுக்குத் தனியே போய் மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னார். அந்தத் தாய் தேத்தண்ணீர் கொடுத்து, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பியிருக்கிறார். அக்கா அந்த வீட்டுப் படலையைத் தாண்ட முன்னமே, அந்தத் தாய் தன் தம்பி அச்சக அண்ணைக்கு அழைப்பெடுத்து, உனக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது என்று அண்ணை சொல்லியிருக்கிறார். இது பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அண்ணை குருமனைக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்டைக்குக் கேட்டன் எல்லே, அந்த எழுத்துருவைப் போடச் சொல்லி.”

“ஓம் அண்ணை.”

“போடவேண்டாம் பிள்ளை. உந்தக் கொம்பியூட்டருக்கு அது இல்லாமலே இருக்கட்டும்.”

அதுவரை அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

“அதில பத்து வருசப் பாட்டும் கிடக்கு. நீங்கள் உங்கடை புது எழுத்துக்கு மாத்துங்கோ, நான் பிழை பாத்துத் தாறன். மழை வரப்போகுது, வாறன்.”

வெளியில் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை.

பரிசோதனையைத் தள்ளிப்போட இனிக் காரணம் இல்லாததால் அக்கா ஆஸ்பத்திரி கொடுத்த திகதியிலேயே போனார். அது அவர் பயந்த வருத்தம்தான். ஆனால் தொடக்கம் என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். இணுவிலிலிருந்து ஐந்து வாரம் ஒரு பேச்சும் இல்லை. அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அதே இடத்தில் மகளோடு வந்து இருந்தார், நான் பிரசங்கபீடத்திலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினேன். ஆறாவது வாரம் மாப்பிள்ளையே வந்தார். தாய் இன்னும் யோசிக்கிறார், ஆனால் நான் யோசித்து முடித்துவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னாராம். சிகிச்சை முடிந்து, தலையில் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அக்கா வாசலில் நின்று வரவேற்க, கல்யாணத்தை நான்தான் நடத்தினேன். மாப்பிள்ளையின் தாயும் வந்திருந்தார். முகத்தில் பெரிய மலர்ச்சி இல்லை, ஆனால் வந்திருந்தார். பாட்டுகள் சுவரில் சுத்தத் தமிழில் ஓடின. பிழை பார்த்தவர் முன்வாங்கிலில் உதடு அசையப் பாடிக்கொண்டிருந்தார்.

நல்லபடியாக முடிந்ததால் நடந்தது நல்லதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டவர் கொண்டுபோன வழி என்று ஒரு மூத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் கவனக்குறைவை ஆண்டவர் தலையில் கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. பாமினியைப் போட்டிருந்தால் எழுபது பேரும் வாசித்திருப்பார்கள். நான் போடாமல் விட்டது வீம்பில். வீம்பு ஒருநாள் உதவியதற்காக அதை வளர்க்க முடியாது.

மென்பொருளைப் பற்றித்தானே கேட்டார்கள், அதனால் இரண்டு விடயம். மின்சாரம் போய் வந்தால், எதையும் தொட முன்னம் தலையைத் திருப்பிச் சுவரைப் பாருங்கள். ஆராதனைக்கு எடுத்துப்போகிற கணினியில் ஆராதனைக்குரியது மட்டும் இருக்கட்டும். கோப்புக்குக் கடவுச்சொல் போடும் வழி எல்லா மென்பொருளிலும் உண்டு, கள்ளக் கொப்பியிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. அது எனக்கு முன்னமே தெரியும். அக்கா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்தக் கோப்பையும் புதிய கோப்பையும் அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபித்தேன், மூன்று நாள் எடுத்தது. இப்போது யார் என்ன சொன்னாலும் எழுதுவதில்லை. சிலவேளை மறக்கிறேன். மறந்தால் திரும்பப் போய், நீங்கள் சொன்னதை மறந்துபோனேன், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டாம் தரம் சொல்லும்போது ஆட்கள் முதல்தரம் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதை அப்படித்தான் கண்டுகொண்டேன்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் போனேன். புதிதாக வருகிறவர்களுக்கு எழுதக் கேட்கிறார்கள், உங்களுடைய விடயத்தை எழுதலாமா என்று கேட்டேன். அவர் வெங்காயம் பிடுங்கிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமல் கேட்டார்:

“எந்த எழுத்தில எழுதப் போறியள்?”

“எல்லாரும் வாசிக்கிற எழுத்திலதான் அக்கா.”

ஒரு பிடி வெங்காயத்தை உதறி வைத்தார்.

“அப்ப எழுதுங்கோ. பேர் போடாதேங்கோ.”